இணைப்பு எதுவரை வருகிறது? சிறு அலுவலக நெட்வொர்க்கில் கோளாறு தேடும் முறை

சிறு அலுவலகத்தில் இணையம் நின்றதும் யாராவது எழுந்து போய் ரவுட்டரை அணைத்து மறுபடி போடுகிறார்கள். பல நேரம் அதிலேயே இணையம் திரும்பிவிடுகிறது. ஆகவே அதுதான் மருந்து என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. ரவுட்டரை அணைத்தால் கோளாறோடு சேர்ந்து அதன் தடயங்களும் போய்விடுகின்றன. எந்தக் கணினிக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டது, வெளி இணைப்பு எப்போது அறுந்தது போன்ற குறிப்புகளைச் சிறிய ரவுட்டர்கள் பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் நின்றால் அவை அழிந்துவிடும். நாளைக்கு அதே கோளாறு மறுபடி வரும்போது, இன்று இருந்த அதே இடத்தில்தான் நிற்போம்.

அணைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிப் பாருங்கள். யாருக்கெல்லாம் இணையம் வரவில்லை? வராதவர்களுக்கு எதுவரை இணைப்பு இருக்கிறது? சில நிமிடங்களில் முடிகிற வேலை இது. தனிப் படிப்போ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை.

ஓர் இணைப்பைப் பலர் பகிர்வது எப்படி?

சேவை நிறுவனம் அலுவலகத்துக்குக் கொடுப்பது பொதுவாக ஒரே ஓர் இணைப்பு, ஒரே ஒரு வெளி முகவரி. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்ணை ஐபி முகவரி என்கிறோம். இன்னமும் பரவலாகப் புழங்கும் நான்காம் பதிப்பு ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். ஒவ்வொரு கணினிக்கும், போனுக்கும், பிரிண்டருக்கும் தனித்தனியாக ஒன்று கொடுக்க அவை போதாது. அதனால் 1990களிலேயே மூன்று முகவரித் தொகுதிகளை உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். 10 என்று தொடங்குபவை ஒரு தொகுதி. 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை இரண்டாவது. 192.168 என்று தொடங்குபவை மூன்றாவது. உங்கள் கணினியின் முகவரி 192.168.1.25 என்று இருந்தால், அதே முகவரி உலகெங்கும் எண்ணற்ற அலுவலகங்களில் எண்ணற்ற கணினிகளுக்கு இருக்கும். உள்ளே மட்டும் செல்லுபடியாகிற முகவரி என்பதால் அதில் குழப்பமில்லை.

உள்முகவரியோடு வெளியே போக முடியாது. இங்கேதான் ரவுட்டர் வருகிறது. உங்கள் கணினி ஓர் இணையதளத்தைக் கேட்டால், ரவுட்டர் அந்தக் கோரிக்கையில் உள்ள உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளி முகவரியைப் போட்டு அனுப்புகிறது. யார் கேட்டது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து வருகிற கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பது போன்ற வேலை இது. இதற்கு நாட் என்று பெயர்.

நாம் ரவுட்டர் என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி செய்வது இது ஒன்று மட்டுமில்லை. கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் அதற்குள் இருக்கிறது. வைஃபை அதிலிருந்து வருகிறது. கணினிகளுக்கு உள்முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை அதில் ஓடுகிறது. இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரச் சொல்லும் டிஎன்எஸ் கோரிக்கைகளும் பெரும்பாலும் அதன் வழியாகவே போகின்றன. இவற்றில் ஒன்று மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருப்பது சாதாரணம். ஆனால் எது கெட்டாலும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது ஒன்றுதான்: நெட் வரவில்லை.

யாருக்கு வரவில்லை?

ஒரு கணினியில் மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கணினியின் கேபிள், வைஃபை, அமைப்புகள் ஆகியவற்றுக்குள்தான் காரணம் இருக்கும். வெளியூர் போய்வந்த லேப்டாப்பில் வேறொரு நெட்வொர்க்குக்குள் மறைவாக நுழைய உதவும் பழைய விபிஎன் இணைப்பு தொங்கிக்கொண்டிருக்கலாம். கோரிக்கைகளை இடைக் கணினி ஒன்றின் வழியாக அனுப்பச் சொல்லி வேறொரு அலுவலகத்தில் போட்ட ப்ராக்ஸி அமைப்பு பிரவுசரில் அப்படியே இருக்கலாம். கணினியின் தேதி தவறாக இருந்தால்கூடப் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ கணினிக்குத் தோன்றுவதுதான் காரணம்.

கேபிளில் இருப்பவர்களுக்கு வருகிறது, வைஃபையில் இருப்பவர்களுக்கு வரவில்லை என்றால் வெளி இணைப்பு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். சேவை நிறுவனத்தை அழைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் உள்ள நான்கு கணினிகளுக்கு மட்டும் வரவில்லை என்றால், அந்த நான்கும் சேர்கிற சுவிட்ச் எது என்று தேடுங்கள். மேசைக்கடியில் யாரோ காலால் இடறி அதன் மின் இணைப்பு கழன்றிருக்கலாம்.

எல்லோருக்கும் நின்றுவிட்டதா? அப்போது ஒரு சின்னச் சோதனை: பக்கத்து அறையில் உள்ள நெட்வொர்க் பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். அச்சாகி வந்தால் உள் நெட்வொர்க் உயிரோடு இருக்கிறது, அறுந்தது வெளிப்பக்கம். பிரிண்டரும் எட்டவில்லை என்றால் கோளாறு உங்கள் சுவர்களுக்குள்தான்.

எதுவரை வருகிறது?

இதற்கு பிங் (ping) என்ற கட்டளை இருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதிய சின்ன நிரல் அது. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிநொடியில் வருகிறது என்று பார்க்கும். விண்டோஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு முகவரியைக் கொடுத்தால் போதும்.

அதற்கு முன் உங்கள் கணினியின் சொந்த முகவரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். வருகிற பட்டியலில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று உங்கள் ஐபி முகவரி. மற்றது டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண். அது ரவுட்டரின் உள்முகவரி, வெளியே போகிற வாசல். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்.

இப்போது உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு அடியாகப் போகலாம். முதலில் கேட்வேயை பிங் செய்யுங்கள். பதில் வந்தால் உங்கள் கணினியிலிருந்து ரவுட்டர் வரையிலான பாதை சரி. வரவில்லை என்றால் கேபிளையோ வைஃபையையோ முகவரியையோ பார்க்க வேண்டும். அதைத் தாண்டிச் சோதிப்பதில் பயனில்லை. அடுத்து வெளியே உள்ள ஓர் எண் முகவரி. கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 நினைவில் நிற்கக்கூடியது. அதற்குப் பதில் வந்தால் ரவுட்டர், சேவை நிறுவனத்தின் இணைப்பு, அதற்கு அப்பால் உள்ள இணையம் எல்லாம் வேலை செய்கின்றன. கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் ரவுட்டருக்கு வெளிப்புறத்தில் அறுந்திருக்கிறது. கடைசியாக எண்ணுக்குப் பதில் ஓர் இணையதளப் பெயரை பிங் செய்யுங்கள். எண் வேலை செய்து பெயர் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில்.

பதில் வராதபோது திரையில் தெரியும் வாக்கியத்தையும் படியுங்கள். பலர் அதைச் சிவப்பு விளக்கைப் போல ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று வந்தால் செய்தி அனுப்பப்பட்டது, காத்திருந்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. உங்கள் சொந்த முகவரியிலிருந்தே டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று வந்தால், அனுப்பும் வழியையே உங்கள் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹோஸ்டைக் கண்டறிய முடியவில்லை என்று வந்தால் பெயரை எண்ணாக மாற்றுவதிலேயே நின்றுவிட்டது. சில கணினிகளும், வேண்டாத செய்திகளைத் தடுக்கும் ஃபயர்வால்களும் பிங்குக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று அமைக்கப்பட்டிருக்கும். எனவே ஒரே ஒரு முகவரி பதில் தராததை வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்தின் பொது டிஎன்எஸ் முகவரியான 1.1.1.1-ஐயும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

முகவரியிலேயே தெரிந்துவிடும் கோளாறுகள்

ஐபிகான்ஃபிக் காட்டும் முகவரி 169.254 என்று தொடங்கினால், பிங் செய்யும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. கணினி முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, ஆகவே தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அந்த முகவரியோடு ரவுட்டரைத் தாண்ட முடியாது. கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருக்கலாம், ரவுட்டரின் டிஎச்சிபி சேவை நின்றிருக்கலாம், அல்லது கொடுப்பதற்கு முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம்.

தீர்ந்துபோவது நாம் நினைப்பதைவிட எளிதாக நடக்கிறது. 192.168.1.100 முதல் 192.168.1.149 வரை 50 முகவரிகளை வழங்கும்படி ரவுட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அது தாராளம் என்று தோன்றும். ஆளுக்கொரு கணினி, ஒரு போன், பிறகு பிரிண்டர், கண்காணிப்புக் கேமராக்கள், வந்து போகிற விருந்தினர்களின் போன்கள் என்று கணக்குப் போடுங்கள். ஒரு முகவரியை வாங்கிய கருவி வெளியே போய்விட்டாலும், குத்தகைக் காலம் முடியும்வரை அந்த முகவரி அதன் பெயரிலேயே இருக்கும். பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். காலையில் எல்லோருக்கும் வேலை செய்து, மதியம் வந்தவருக்கு மட்டும் வராமல் போகிற விசித்திரத்துக்கு இதுதான் அடிக்கடி காரணம். முகவரி எல்லையை விரிவாக்குங்கள், குத்தகைக் காலத்தைச் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

இதைவிடத் தலைவலி தருவது இரண்டாவது ரவுட்டர். மூலை அறையில் வைஃபை எட்டவில்லை என்று ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவருகிறார். அதன் லேன் (LAN), அதாவது உள் நெட்வொர்க்குக்கான துளையில் அலுவலகக் கேபிளைச் செருகுகிறார். அவருக்கு நல்ல எண்ணம்தான், அறையில் வைஃபையும் வந்துவிடுகிறது. ஆனால் அந்த ரவுட்டருக்குள்ளும் ஒரு டிஎச்சிபி சேவை ஓடுகிறது. இப்போது அலுவலகத்தில் எந்தக் கணினி முகவரி கேட்டாலும் இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். எந்தப் பதில் முந்துகிறதோ அதைக் கணினி பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. சரியான ரவுட்டரிடம் வாங்கியவருக்கு இணையம் உண்டு. புதிய ரவுட்டரிடம் வாங்கியவருக்கு அது தன்னையே கேட்வே என்று சொல்லியிருக்கும். வெளி இணைப்பே இல்லாத வாசல் அது. அதனால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஒருமுறை அணைத்துப் போட்டால் வரும், மறுமுறை வராது. எந்த வரிசையிலும் அடங்காத இந்த நடத்தையே இந்தக் கோளாறின் அடையாளம்.

கண்டுபிடிப்பது சுலபம். வேலை செய்யும் கணினி ஒன்றிலும் செய்யாத கணினி ஒன்றிலும் ஐபிகான்ஃபிக் கொடுத்து இரண்டின் கேட்வே எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் அலுவலகத்தில் எங்கோ இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. இரண்டு ரவுட்டர்களுக்கும் தொழிற்சாலையில் ஒரே முகவரி போடப்பட்டிருந்தால் எண்கள் ஒன்றாகவே தெரிந்து ஏமாற்றும். அப்போது சந்தேகத்துக்குரிய கருவியின் கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதே வழி. அந்த இரண்டாவது ரவுட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் அமைப்பில், வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் என்ற நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் டிஎச்சிபி சேவையை நிறுத்திவிட்டு, அதற்கு வேறு யாருக்கும் இல்லாத ஓர் உள்முகவரியைக் கொடுங்கள். பிறகு அது வைஃபை மட்டும் தரும்.

பிரிண்டருக்குக் கையால் முகவரி போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எண் ரவுட்டர் வழங்கும் எல்லைக்குள் இருந்தால், ரவுட்டர் அதே எண்ணை ஒருநாள் ஒரு லேப்டாப்புக்கும் கொடுக்கக்கூடும். அன்றிலிருந்து இரண்டும் மாறி மாறித் தடுமாறும். கையால் போடும் முகவரிகளை எல்லைக்கு வெளியே வையுங்கள்.

பெயர் தெரியாத நிலை

டிஎன்எஸ் கோளாறு பார்ப்பதற்கு முழு இணையமும் போனதுபோலவே இருக்கும். நாம் எல்லாவற்றையும் பெயரால்தான் திறக்கிறோம். ஆனால் போனில் இணையம் வழியாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு தொடரும், புதிய தளங்கள் மட்டும் திறக்காது. எண் முகவரிக்கு பிங் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் ஐயம் இல்லை. ஒரு கணினியில் தற்காலிகமாக டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். உடனே சரியானால், ரவுட்டரோ சேவை நிறுவனமோ தரும் டிஎன்எஸ் சேவையில்தான் பழுது. அப்போது ரவுட்டரிலேயே மாற்றிவிட்டால் எல்லாக் கணினிகளுக்கும் சேர்ந்துவிடும். அலுவலகத்துக்குள்ளேயே பெயர்களைப் பராமரிக்கும் சர்வர் வைத்திருப்பவர்கள் மட்டும் இப்படி மாற்றக் கூடாது; மாற்றினால் உள் சர்வர்களின் பெயர்கள் தெரியாமல் போய்விடும்.

வருகிறது, ஆனால் ஊர்ந்து வருகிறது

முழுதாக நிற்பதைவிட மந்தமாக வருவதைத் தேடுவது கடினம். இதில் பலரும் பார்க்கத் தவறுவது மேலேற்றும் வேகத்தை. பல இணைப்புகளில் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம் மிகவும் குறைவு. ஒரு கணினி தன் கோப்புகளையெல்லாம் மேகச் சேமிப்புக்கு நகலெடுக்கத் தொடங்கினால் அந்தச் சிறிய பதிவேற்றப் பாதை நிரம்பிவிடும். பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கம் ஏன் மந்தமாக வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பக்கத்தைத் திறக்க முதலில் கோரிக்கை வெளியே போக வேண்டும். தரவு வரவர அது கிடைத்ததென்ற ஒப்புதல்களும் போக வேண்டும். அவையெல்லாம் ரவுட்டரின் வரிசையில் பெரிய கோப்புகளுக்குப் பின்னால் காத்துக் கிடக்கின்றன. 8.8.8.8-ஐ பிங் செய்தால் இது கண்ணுக்குத் தெரியும். வழக்கமாக 20, 30 மில்லிநொடியில் வரும் பதில் பல நூறு மில்லிநொடியாக ஏறியிருக்கும். ஒவ்வொரு கணினியாகச் சிறிது நேரம் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் எண் இறங்குகிறதோ அதுதான் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நகலெடுப்பை இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். ரவுட்டரில் பாதையைப் பங்கிட்டுக் கொடுக்கும் க்யூஓஎஸ் (QoS) வசதி இருந்தால் யாரும் பாதையை முழுதாக அடைக்காதபடி வரம்பு போடலாம்.

வைஃபையில் மட்டும் மந்தம் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் வழக்கமாக மூன்றே என்பதை நினைவில் வையுங்கள்: 1, 6, 11. சுற்றியுள்ள அலுவலகங்கள் அனைத்தும் அவற்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், சுவர்களைத் தாண்டும் திறன் குறைவு. இடம் மாறாத கணினிகளைக் கேபிளில் போடுவதே என் பரிந்துரை.

கேபிளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஒரு கம்பி துண்டானால் இணைப்பு அறுபடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸின் நெட்வொர்க் நிலைத் திரையில் இணைப்பு வேகம் 100 என்று காட்டினால், வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

திடீரென்று முழு நெட்வொர்க்கும் உறைந்து, சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்தாற்போல் மின்னினால், ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேசையைத் துடைக்கும்போது சும்மா தொங்கிய முனையை யாராவது அக்கறையோடு செருகிவிடுவதுண்டு. எல்லோருக்கும் அனுப்பப்படும் செய்திகள் அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கை மூழ்கடித்துவிடும். எளிய சுவிட்சுகளுக்கு இதைத் தானாகத் தடுக்கத் தெரியாது.

ஒரு கணினி வழியாகப் பகிரும்போது

ரவுட்டர் இல்லாமல், ஒரு விண்டோஸ் கணினியின் இணைப்பையே மற்றவர்களுக்குப் பகிரும் வசதி 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. இன்றைய விண்டோஸில் பகிரும் கணினி தன் உள்பக்கத்துக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொள்ளும். மற்றக் கணினிகளின் கேட்வே அதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். பகிரும் கணினி உறக்க நிலைக்குப் போனால் எல்லோருக்கும் இணையம் நின்றுவிடும். மின்சேமிப்பு அமைப்பில் அந்த உறக்க நிலையை நிறுத்திவையுங்கள். அவசரத்துக்கு இது கைகொடுக்கும். நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போது

கேட்வே பதில் தருகிறது, அதற்கு அப்பால் எதுவும் தரவில்லை என்பது உறுதியான பிறகே அழையுங்கள். கண்ணாடியிழை இணைப்பாக இருந்தால் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று குறித்த விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளிச் சமிக்ஞையே வரவில்லை. இழை வளைந்திருக்கலாம், வெளியே எங்கோ அறுந்திருக்கலாம். அந்த விளக்கு சரியாக இருந்தும் இணையம் இல்லை என்றால், ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வெளி இணைப்பைக் காட்டும் வேன் (WAN) என்ற பகுதியில் வெளி முகவரி ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். முகவரி இல்லாமல் காலியாக இருந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படாமல் இருக்கலாம், கட்டணம் நிலுவையில் இருக்கலாம்.

எத்தனை மணிக்கு நின்றது, எந்த விளக்கு எப்படி இருக்கிறது, கேட்வே வரை பிங் போகிறது, 8.8.8.8-க்குப் போகவில்லை, ஒரு கணினியை நேரடியாகக் கேபிளில் இணைத்தும் பார்த்தாயிற்று. இவ்வளவையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று தொடங்க வேண்டிய அவசியம் குறைகிறது. புகாரை நேரே களப் பணியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. புகார் எண்ணை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.